டிக்கெட் போட்டாச்சு

அளந்து பாராமல் எதையும் நம்பும் வழக்கம் நம் தையற்காரருக்குக் கிடையாது. பூசணிக்காய் வாங்கினாலும் கழுத்திலிருந்த டேப்பால் சுற்றளவு எடுத்த பிறகே அதன்மேல் கத்தி வைக்க விடுவார். ஆகவே, அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய பூகோள உருண்டையை மடியில் இருத்தி, மைத்துனரின் ஊரிலிருந்து தம் ஊர்வரை அவர் டேப்பை ஓட்டியதில் வியப்பொன்றுமில்லை.

"பூமிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. உங்கண்ணன் ஃப்ளைட் எப்ப இறங்கும்னு கணக்குப் போடறேன்."

விஷயம் அற்பமானதன்று. சென்ற முறை மைத்துனர் வந்தபோது, மாப்பிள்ளைக் கோட்டு ஒன்றில் மூழ்கிப்போன தையற்காரர், அவரை விமான நிலையத்தில் பகல் முழுவதும் காக்க வைத்துவிட்டார். மனிதர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு அடுத்த விமானத்திலேயே திரும்பிப் போனார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. நேற்றுத்தான் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார்.

"டிக்கெட் போட்டாச்சும்மா. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி ஃப்ளைட். நேரத்தோட ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்க."

மேற்கொண்டு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"இந்தத் தடவையும் அண்ணனைக் காக்க வெச்சீங்க, அவரு பின்னாடியே நானும் ப்ளேன் ஏறிடுவேன்!"

தையற்காரர் தூரத்தை வேகத்தால் வகுத்தார். ஐந்து மணி நேரம் வந்தது. "பதினோரு மணிக்கு இறங்கிடுவாரு."

கோட்டுக்குப் பொத்தான் வைக்க வந்திருந்த முடிதிருத்துநர் குறுக்கிட்டார். "அண்ணே, அந்த ஊருக்கும் நமக்கும் கடிகாரத்துல ரெண்டு மணி நேரம் வித்தியாசம் உண்டே!"

"கூட்டணுமா, கழிக்கணுமா?"

"எனக்குக் கழிக்கத்தான் தெரியும். என் தொழிலே அதுதானே?"

"துணி குறைஞ்சா ஒட்ட முடியாதுப்பா. கூட இருந்தா வெட்டிக்கலாம். கூட்டு!"

ஒரு மணி ஆயிற்று. தொழில் வழக்கப்படி உள்தையலுக்கு விடுவதுபோல் இன்னும் ஒரு மணி நேரத்தையும் தாராளமாக விட்டார். ஆக, விமானம் இரண்டு மணிக்கு இறங்குமென்று முடிவாயிற்று.

மனைவிக்கோ அந்தக் கணக்கின்மீது நம்பிக்கை பிறக்கவில்லை. "எதுக்கும் பத்து மணிக்கே போய் நிப்போம்."

வாடிக்கையாளர் எவரும் அழைத்துத் தாமதப்படுத்திவிடக் கூடாதென்று, இருவர் தொலைபேசிகளையும் வெட்டு மேசையிலேயே விட்டுவிட்டு, ஞாயிறன்று சொன்னபடி பத்து மணிக்குப் போய் நின்றார்கள். பதினொன்று ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று. வெளியே வந்த ஒவ்வொரு வழுக்கைத் தலையையும் மனைவி "அண்ணா!" என்றழைத்து, ஐந்தாறு அந்நியர்களைத் திடுக்கிட வைத்தாள்.

"பாத்தியா, இன்னிக்கு நாம காத்திருக்கோம். உங்கண்ணன் ஒரு நிமிஷம்கூட நிக்க வேண்டியதில்லே" என்று தையற்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

இரண்டு மணியும் கடந்தபின்தான் விசாரணைக் கவுண்டருக்குப் போனார். "ஏம்மா, எங்க மச்சான் வர்ற ஆறு மணி ஃப்ளைட் ஏன் இன்னும் இறங்கலே?"

உள்ளிருந்த பெண் அவர் கழுத்திலிருந்த டேப்பைப் பார்த்தாள்; பெருமூச்சு விட்டாள்.

"அந்த டெய்லர் நீங்கதானா சார்? உங்க ஃபோனை யாரும் எடுக்கலேன்னு உங்க மச்சான் இங்கே எத்தனை தடவை கூப்பிட்டுட்டாரு! ஆறு மணி ஃப்ளைட் இங்கேருந்து கிளம்பிப் போறது. ஏசினதுக்கு நேர்ல மன்னிப்புக் கேக்கணும்னு உங்க ரெண்டு பேருக்கும் அதுல டிக்கெட் போட்டுட்டு, உங்க மச்சான் அந்த ஊர் ஏர்போர்ட்ல பூச்செண்டும் கையுமா இன்னும் காத்துக்கிட்டு நிக்கிறாராம்!"