சின்னுசாமியின் கைரேகை

நான்காவது முறையும் இயந்திரம் சின்னுசாமியின் கட்டைவிரலை ஏற்க மறுத்தது.

“கையை ஆட்டாம வைங்கய்யா” என்றாள், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அமர்ந்திருந்த நர்மதா.

“நானா ஆட்டறேன்? கோவத்துல ஆடுது அம்மணி! பிராந்திய விக்கறதும் சர்க்காரு, குடிய நிறுத்தக் காப்பீடு குடுக்கறதும் சர்க்காரு. நடுவுல வரிசையில நிக்கறது மட்டும் நானா?”

எருமப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் மரவள்ளி பயிரிடும் அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. மனைவி வள்ளியாத்தாள், முறிந்த கையில் மாவுக்கட்டோடு எடப்பாடியிலுள்ள தம்பி வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிவிட்டது. ‘ஊட்டுல குடி நின்னாத்தான் திரும்பி வருவேன்’ என்று சொல்லிவிட்டாள். எல்லாம் மகன் தமிழரசால் வந்த வினை என்பதில் சின்னுசாமிக்கு ஐயமே இல்லை. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் அவன் பீர் குடித்ததைக் கண்ணாலேயே பார்த்தவர் அவர்.

சிகிச்சைக்குக் கூப்பிட்டபோது அவன் மறுக்கவுமில்லை. “செரிங்கப்பா, காப்பீட்டுக் கார்ட எடுத்துக்கிட்டு வாங்க” என்று வண்டியைக் கிளப்பினான். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சின்னுசாமி காற்று வாங்க வெளியே போனார். ஏலக்காயை மென்றபடி திரும்பினார். இப்போது கை நடுங்கவில்லை. ரேகை பதிந்தது. ஆனால் நர்மதா மூக்கைச் சுளித்தாள்.

“டாக்டரம்மா பாத்து எழுதிக் குடுக்கோணுங்க. அப்பறந்தான் அனுமதிக்கு அனுப்ப முடியும்.”

“இன்னொரு வரிசையா!”

டாக்டர் வித்யா கேள்விகளைத் தொடங்கினார். “எந்நேரத்துக்குக் கை நடுங்கும்?”

தமிழரசு வாயைத் திறந்தான்.

“நீ பேசாத! நான் சொல்றனுங்க. காத்தால அஞ்சரைக்கு. ரெண்டு மூடி உள்ள போனாத்தான் நிக்கும்.”

“பாட்டிலை எங்கே வைப்பீங்க?”

“மோட்டார் ரூமுல, பியூஸ் பெட்டிக்குப் பின்னால. அங்க இல்லீனா தவுட்டு மூட்டைக்குள்ள.”

“ஒண்ணையும் மறைக்காம சொல்றீங்களே!”

“பெத்தவனுக்குத் தெரியாதுங்களா?”

“வீட்டில் அடிதடி உண்டா?”

அன்று முதல் முறையாகச் சின்னுசாமியின் குரல் தாழ்ந்தது. “அவ பாட்டிலப் புடுங்க வந்தா. தள்ளினதுல… கை ஒடிஞ்சுபோச்சு.”

தமிழரசு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுகணமே சின்னுசாமியின் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. “ஒரு மாசத்துக்குக் கதவத் தொறக்காதீங்க! போனு குடுக்காதீங்க. ‘நான் குடிக்கறவனே இல்ல’ம்பான், நம்பாதீங்க. கால்ல உழுந்தாலும் உடாதீங்க!”

அருகே நின்ற வார்டு ஊழியர் நந்தகுமார் பணிவோடு தலையசைத்தார்.

டாக்டர் ஒரு சேர்க்கைத் தாளை நீட்டினார். “படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

“படிக்க என்னங்க இருக்குது? மொதல்ல சேத்துக்கோங்க!”

சினங்கொண்ட காளை, தன் முதுகில் ஏற்றியிருப்பது யாருடைய மூட்டை என்று திரும்பிப் பார்ப்பதில்லை. சின்னுசாமியும் பார்க்காமலே மூன்று இடங்களில் கையெழுத்திட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு அனுமதி வந்தது. வார்டின் கதவு திறந்தது. சின்னுசாமி மகனின் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

“போடா உள்ள! உன்ற அம்மா ஊட்டுக்கு வரோணும்.”

“எனக்கும் அதுதானுங்கப்பா வேணும்” என்று தமிழரசு ஒதுங்கி நின்றான். நந்தகுமார் அவனைத் தாண்டி வந்து சின்னுசாமியின் முழங்கையை மெல்லப் பற்றினார்.

“என்னைய என்னத்துக்குய்யா புடிக்கற? நான் குடிக்கறவனே இல்ல!”

“அனுமதி உங்க பேருக்குத்தானுங்க வந்திருக்குது, இப்பிடிச் சொன்னா நம்ப வேண்டாம்னு சொன்னதும் நீங்கதானுங்களே, அந்தச் சட்டைப் பையில இருக்கற பாட்டிலக் குடுத்துப்போட்டு உள்ள வாங்க சாமி.”