ஒத்துவாழ்வுக் குழுவின் ஐந்தாம் கூட்டம்

உலக சகோதரத்துவம் எங்கே பிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள். எங்கே வளர்ந்தது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் ஒரு கல்லூரியின் முதல் மாடியில், ஏசி போட்ட அறையில். அங்கேதான் 'வெளிநாட்டு மாணவர் ஒத்துவாழ்வுக் குழு' கூடுகிறது. தலைவர், துணை முதல்வர் வேதசிரோமணி. உறுப்பினர்கள் பதினொரு பேர். வெளிநாட்டு மாணவர் ஒருவர்.

அந்த ஒருவர் சிக்கோண்டி. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டிலிருந்து மண்வள ஆராய்ச்சிக்கு வந்த இளைஞன். வந்த எட்டு மாதத்தில் பஸ் கண்டக்டர்களிடமும் கேன்டீன் மாரிக்கனியிடமும் தமிழ் படித்துக்கொண்டான். குழுவின் அனுமதி பெறாமல் செய்த காரியம் என்றாலும், வேதசிரோமணி பெருந்தன்மையாக அதைப் பொறுத்துக்கொண்டார்.

முதல் கூட்டத்தில், 'இங்கே வெயில் அடிக்கும்' என்று மாணவருக்குத் தெரிவிப்பதெனத் தீர்மானமாயிற்று. இரண்டாம் கூட்டத்தில் சாப்பாடு.

"தம்பிக்கு நம்ம சாப்பாடு ஒத்துக்கிடாது. ரொட்டி, ஜாம் ஏற்பாடு பண்ணணும்" என்றார் தங்கப்பாண்டியன். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று உடற்கல்வி இயக்குநர் ஆனவர்.

"வேண்டாம் சார். எங்க ஊருல தெனமும் மக்காச்சோளக் களிதான். இங்க கேப்பக்களி. கருவாட்டுக் கொழம்பு இருந்தா அம்புட்டுதான், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றான் சிக்கோண்டி.

குழு அதிர்ந்தது. பயிற்சி கொடுப்பதற்கு முன்பே ஒருவன் ஒத்து வாழ்ந்துவிட்டால் குழு எதற்கு? ஆகவே ரொட்டியும் ஜாமும் ஏகமனதாக நிறைவேறின. அவற்றைத் தங்கப்பாண்டியன் சாப்பிட்டார்.

மூன்றாம் கூட்டம் சால்வை போட்டுப் புகைப்படம் எடுப்பதில் முடிந்தது. நாலாவதில் சிக்கோண்டியே எழுந்து நின்றான்.

"எனக்கு ஒரு ரூம் வேணும் சார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜுலதான் இருக்கேன். ஆடித் தேருக்கு ரூமெல்லாம் புக் ஆயிட்டு, அதுக்குள்ள காலி பண்ணுங்காக. பதினாலு வீடு பாத்துட்டேன். 'வாடகைக்கு'ன்னு போர்டு தொங்குது. நான் போயி நிக்கவும், 'இப்பத்தான் ஆளு வந்துட்டு'ங்காக."

"பாத்தீகளா, நம்ம ஊருல வீட்டுக்கு எம்புட்டுக் கிராக்கின்னு!" என்று தங்கப்பாண்டியன் பெருமைப்பட்டார். வீட்டு உரிமையாளர் முன் எப்படிச் சிரிப்பது என்று மாணவருக்கு ஒரு நாள் பயிலரங்கம் நடத்தத் தீர்மானித்துக் கூட்டம் கலைந்தது.

அடுத்த ஞாயிறு, ராஜபாளையத்தில் வேதசிரோமணி சர்ச்சுக்குப் போய்வந்து பிரியாணியில் கைவைத்த நேரம், வாசலில் மணி அடித்தது. திறந்தால் சிக்கோண்டி. பயிலரங்கத்தில் சொன்னபடியே சிரித்துக்கொண்டு நின்றான்.

"சார்! இது உங்க வீடா? மாடி காலின்னு போர்டு பாத்து வந்தேன்!"

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டு வேதசிரோமணிக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

"அடடா! இப்பத்தான்ப்பா ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாரு. செத்த முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்றவர், அவன் கண் முன்னாலேயே, தன் கையாலேயே பலகையைக் கழற்றினார். ஒரு துணை முதல்வர் மாணவனுக்காக இவ்வளவு சிரமப்படுவது எந்த நாட்டில் நடக்கும்? குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அவன் தெருவில் பத்து வீடு தாண்டியதும் பலகையை மறுபடி மாட்டிவிட்டுப் போய்ப் பிரியாணியை முடித்தார். நெஞ்சுக்குள் என்னமோ செய்தது. பிரியாணி கொஞ்சம் கூடிவிட்டது என்று முடிவுசெய்தார்.

புதன்கிழமை அயர்லாந்திலிருந்து மகள் ரெனிட்டா போன் செய்தாள். மேல்படிப்புக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுதாள்.

"அப்பா, போன்ல கேக்கையில வீடு காலின்னுதான் சொன்னாங்க. நேர்ல போயி நிக்கவும் அந்தம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, இப்பத்தான் வேற ஆளு வந்துட்டாங்கன்னுட்டாங்க. தெருமுக்குல திரும்பிப் பாக்கேன், போர்டு திரும்பத் தொங்குதுப்பா!"

"என்னட்டி சொல்ற! மனுசங்கதானா அவங்க?" வேதசிரோமணி போனிலேயே கத்தினார். இப்படியும் உலகத்தில் ஆட்கள் இருப்பார்களா என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளே எழுதுவதுபோல் அவள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆத்திரம் நன்றாக வந்திருந்தது. ஆங்கிலம்தான் அங்கங்கே நொண்டியது. கல்லூரியிலேயே சுத்தமான ஆங்கிலம் சிக்கோண்டியுடையது. கூப்பிட்டு அனுப்பினார்.

சிக்கோண்டி மெதுவாகப் படித்தான். பலகை வரும் இடத்தில் நின்றான்.

"சார், இது ரெனிட்டாவுக்கு நடந்ததா?"

"ஆமாப்பா! அநியாயத்தைப் பாத்தியா?"

அவன் பேனாவை எடுத்தான். "ஒரு வரி சேக்கலாமா சார்? 'கதவைத் திறக்கும்வரை அந்த வீடு காலியாகத்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது நிரம்பியது.'"

வேதசிரோமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படிப்பா இவ்வளவு சரியா எழுதுற?"

"பழக்கம் சார்."

மூன்றாம் நாளே பதில் வந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு, வளாகத்துக்குள்ளேயே ரெனிட்டாவுக்கு அறை கொடுத்திருந்தது. குழுவின் ஐந்தாம் கூட்டம் பால்கோவாவோடு தொடங்கியது. நீதிக்காகத் தனியொருவர் போராடி வென்றதைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். அது முடிந்ததும் சிக்கோண்டி ஒரு மனுக் கொடுத்தான். தமிழில், இரண்டு பக்கம். தங்கப்பாண்டியன் பட்டாளத்துக் குரலில் வாசித்தார்.

"'தோலைப் பார்த்துக் கதவைச் சாத்தும் ஊர், எத்தனை கல்லூரி வைத்திருந்தாலும் எழுதப்படிக்கத் தெரியாத ஊர்தான்...' ரொம்பத் தடிச்ச வார்த்தையா இருக்கே! ராஜபாளையத்தைப் போயி இப்படிச் சொல்லலாமா? யாரு தம்பி இத எழுதிக் குடுத்தது?"

வேதசிரோமணிக்குக் காது சுட்டது. தங்கப்பாண்டியன் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவும், துணை முதல்வர் எட்டிப் பிடுங்கினார்.

"போதும். மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

டீ கொண்டுவந்த மாரிக்கனி தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஏலே, இம்புட்டு நாளா வீடா தேடிக்கிட்டு அலைஞ்ச? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? மகன் பட்டாளத்துக்குப் போனதுல இருந்து வன்னியம்பட்டில எங்க மாடி பூட்டியேதான கெடக்கு! தண்ணி மோட்டாரப் போட்டா மறக்காம நிறுத்துவியா?"

"நிறுத்துவேன் அத்தே."

"பொறவென்ன, சாயங்காலம் பெட்டியத் தூக்கிட்டு வா."

எட்டு மாதமும் ஐந்து கூட்டமும் ஆகியும் முடியாத காரியம் டீ ஆறுவதற்குள் முடிந்தது. 'குழுவின் இடையறாத முயற்சியால் மாணவருக்கு இருப்பிடம் கிடைத்தது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் கடமை தவறாதவர்களுக்குத் தூக்கம் ஏது? மனுவை வேதசிரோமணி அப்படியே விட்டுவிடவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் திருட்டைக் கண்டுபிடிக்கக் கல்லூரி ஒரு மென்பொருள் வாங்கி வைத்திருக்கிறது. மனுவை ஆங்கிலமாக்கி, தம் கடிதத்தோடு சேர்த்து அதற்குள் போட்டார். ஒற்றுமை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று வந்தது. 'பிறர் எழுத்தைத் திருடியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று விளக்கம் கேட்டு சிக்கோண்டிக்கு மெமோ போயிற்று.

மறுநாளே, மணிமணியான கையெழுத்தில் பதில் வந்தது:

'மதிப்பிற்குரிய ஐயா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூற்றாறு பங்கு தங்கள் கடிதமேதான். இரண்டு ஊரிலும் நடந்தது ஒன்றே என்பதால் வேறு வார்த்தைக்கு அவசியம் ஏற்படவில்லை. நான் மாற்றியது நாலே நாலு: நாட்டின் பெயர், ஊரின் பெயர், என் பெயர், கதவைத் திறந்தவரின் பெயர்.'