தீர்க்கதரிசி காலை வைத்தார்

பழைய ஈயச் சுரங்க ஊரான கப்வேயில் அந்த மாதம் எல்லோருக்கும் கால் நனைக்கும் வெறி. தலைநகர் லுசாகாவிலிருந்து வந்திறங்கிய தீர்க்கதரிசி கெர்ஷோம், உடம்பில் ஊறிய ஈயத்தை உள்ளங்கால் வழியே இறக்கிவிடுகிறாராம்! உப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலை வைக்க வேண்டும். மின்கம்பி கோத்த இரும்புச் சுருள் ஒன்று உள்ளே முனகும். சற்று நேரத்தில் தண்ணீர் செம்பழுப்பாகிவிடும்.

"அல்லேலூயா, ஈயம் இறங்குது!" என்பார். கூட்டம் ஆமென் போடும்.

புப்பேயும் மகள் லுவெண்டோவைத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ரத்தத்தில் ஈயம் என்று கிளினிக்கில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"மாத்திரையெல்லாம் வேணாம்மா. புழுதியில நல்லா விளையாடட்டும். நான் இருக்கேன்ல?" என்றார் கெர்ஷோம். புப்பே நம்பினாள். மாத்திரையை நிறுத்தினாள்.

அடுத்த பரிசோதனையில் ஈயம் முன்னைவிடக் கூடியிருந்தது.

"பழைய சுரங்கத்துக் கழிவுமேட்டுலேருந்து வர்ற புழுதிதான் விஷம். அதுலயா விளையாட விட்டே?" என்றாள் நர்ஸ். புப்பே மகளை வாரித் தூக்கினாள். குழந்தையோடு நேரே தொட்டிக்குப் போனாள்.

"ஐயா, உங்க உடம்புல ஈயம் இருக்கா?"

"எனக்கா? ஒரு பொட்டுகூடக் கிடையாதும்மா. கர்த்தர் காத்த உடம்பு."

"அப்போ உங்க காலை வைங்க. தண்ணி தெளிவா நிக்கறதைக் கண்ணால பாத்துக்கறோம்."

பக்தர்களுக்கு யோசனை பிடித்துவிட்டது. "வைங்க ஐயா, வைங்க!"

"இன்னிக்கு நான் உபவாசம்..."

"உபவாசம் வாய்க்குத்தானே? காலுக்கு என்ன வந்துச்சு?" என்றார் கரி விற்கும் முசேபா.

சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பிடித்து உள்ளே வைத்தே விட்டார்கள். தண்ணீர் கொஞ்சமும் மரியாதை பார்க்கவில்லை, கடுந்தேநீராக நின்றது.

"அடப் பாவமே! நம்மளவிட ஐயாவுக்குத்தான் முத்திப் போச்சு!"

"அதெல்லாம் உங்க ஈயம்! உங்களுக்காக நான் சுமக்கறேன்!" என்று கெர்ஷோம் கண்ணீர் விட்டார். பாதிக் கூட்டம் உடனே உருகியது.

புப்பே உருகவில்லை. தொட்டியைக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பைப் போட்டு, யார் காலும் இல்லாமல் சுருளை ஓடவிட்டாள். தண்ணீர் மறுபடியும் செம்பழுப்பானது.

"இப்ப இறங்கறது யாரோட ஈயம்? தொட்டியோடதா?"

மின்சாரத்தை நிறுத்தி, சுருளை வெளியே எடுத்துத் தேய்த்தாள். கை முழுக்கத் துரு.

தீர்க்கதரிசி வெறுங்காலோடு காருக்கு ஓடினார். அவர் விட்டுப்போன சப்பாத்தை யாரோ பயபக்தியோடு சிட்டெங்கேத் துணியில் சுற்றி எடுத்துப் போனதாகக் கேள்வி. புப்பே மாத்திரை வாங்க கிளினிக்குக்கு நடந்தாள்.

கழிவுமேட்டுப் புழுதி மட்டும் வழக்கம்போலப் பறந்துகொண்டிருந்தது. கால் நனைக்க அத்தனை நீள வரிசை நின்ற ஊரில், அந்த மேட்டை மூடு என்று கேட்க ஒரு வரிசை நின்றால் என்ன? கழுத்துக்கு மேலே தலையும் வைத்திருக்கிறவர்கள் யோசிக்கட்டும்.