கொண்டை ஊசி இருந்த பக்கம்

மனித குலத்தில் வாசகர் என்று சொல்லத் தகுந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். மற்றவர்களெல்லாம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள். அதிலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பவர்களை அவர் கால்நடைகளின் கணக்கில் சேர்த்திருந்தார்.

சமீபத்தில் ரசித்த புத்தகங்களைப் பற்றி, சாப்பாட்டு நேரத்தில் மனைவிக்கும் மைத்துனனுக்கும் கை காயக் காய எடுத்துச் சொல்வது அவர் வழக்கம்.

அப்படிப்பட்டவர், நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடித்த கொலைக்கதைக்குள் மனைவியின் கொண்டை ஊசியைப் பார்த்தார். அவர் எண்பதாம் பக்கத்தில் இருந்தார். ஊசி நூற்றிருபதில் இருந்தது.

“நீயா படிக்கிற?”

“ஏன், படிக்கக் கூடாதா?”

“தாராளமா படி. இந்த எழுத்தாளரோட நடை இருக்கே...”

“அந்தக் கிணத்துக்கிட்ட வந்துட்டீங்களா?”

“எந்தக் கிணறு?”

“ஐயோ, இன்னும் வரலியா? அப்ப வேணாங்க. வந்தப்புறம் பேசலாம்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து மனைவியைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது அன்றுதான்.

யாரும் பார்க்காதபோது ஊசியை உருவி அறுபதாம் பக்கத்தில் செருகினார். படித்ததையே படித்துச் சாகட்டும்! மறுநாள் ஊசி இருநூறில் இருந்தது.

புத்தகத்தைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனார்.

“அண்ணே, இருமலுக்கு ஏதாச்சும் குடுங்க.”

“யாரு இருமினது? வக்கீலா?”

“நான்தாண்ணே.”

புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் ஒரு புட்டியை நீட்டினார்.

“அண்ணே, இது கண்ணுக்கு விடுற மருந்து.”

“குறுக்க பேசாதீங்க. கிணறு வர்ற நேரம்.”

கிணறு வரவில்லை. சாயங்காலம் வீட்டில் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் ஊசி முந்நூறைத் தாண்டியிருந்தது. சொந்த வீட்டிலேயே ஒரு மேதைக்குச் சோறு போட்டு வளர்த்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“மாமா இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டாரு,” என்றான் மைத்துனன், மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டே.

“அவ எந்தப் பக்கத்துல இருக்கா?” என்று அவனிடம் ரகசியமாகக் கேட்டார்.

“முடிக்கப்போறா மாமா. நேத்து அழுதுட்டா.”

அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார். தாள் புரளும் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். பிறகு, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

கொன்றது வக்கீல்தான்.

தொட்டியில் தண்ணீர் தீர்ந்து குழாய் நின்றது. வெளியிலிருந்து மைத்துனனின் குரல் தெளிவாகக் கேட்டது:

“அக்கா, அடுத்த புத்தகத்துக்குக் கிணறு வேணாம், வேற ஏதாவது யோசிச்சு வை. நாம ஒரு வரிகூடப் படிக்கலன்னு தெரிஞ்சா, மாமா மறுபடியும் சாப்பாட்டுல கதை சொல்ல ஆரம்பிச்சிடுவாரு!”