தைலம் அண்ணன் விரட்டிய வண்டுகள்

சிங்கப்பூரிலேயே வண்டுகளிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மனுஷர் எங்கள் தைலம் அண்ணன்தான்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பயறுக் கிட்டங்கி. அங்கே நான் கணக்கெழுதும் கிராணி, அவர் மூட்டைகளுக்குக் காவல். சொந்தப் பேர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. எந்நேரமும் கிராம்புத் தைல வாடை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பல்வலி இல்லாதவனுக்கும் வாய் மரத்துப்போகும்.

எல்லாம் மொச்சையால் வந்தது. கப்பலில் மூட்டையோடு வண்டும் வரும். மற்ற கிட்டங்கிகளில் விஷ மருந்து அடிப்பார்கள். அண்ணனோ எறும்பு வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுகிறவர். பஞ்சைத் தைலத்தில் நனைத்து மூட்டைகளுக்கு நடுவே செருகி, "கோச்சுக்காதீங்கப்பா, வேற இடம் பாத்துக்குங்க" என்பார். சுருண்டு விழுந்தவற்றை முறத்தில் அள்ளிப்போய்ப் பின்சந்தில் காற்றாட வைப்பார்.

"செத்துப்போச்சுண்ணே."

"வாயக் கழுவு! மயக்கம்தான், தெளிஞ்சிடும்."

மூட்டைகள் சுத்தமாகிவிட்டன. முதலாளிக்கு வாயெல்லாம் பல். பக்கத்துக் கடை பாய் வரும்வரைதான் அந்தச் சிரிப்பு. அவர் கைக்குட்டையில் நாலு வண்டைக் கொண்டுவந்து முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க! கிராம்பு வாசம் அடிக்குதா இல்லையா? உங்க வண்டு என் பச்சைப்பயறுல குடித்தனம் பண்ணுது லா!"

முதலாளிக்கு மானம் போய்விட்டது. அண்ணனைக் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து மருந்து அடி. முடியாதுன்னா பொட்டியக் கட்டு."

அண்ணன் மாடிக்குப் போய்த் தகரப் பெட்டியோடு இறங்கி வந்தார். ஊரில் மூன்று பெண் பிள்ளைகள், இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நான் பின்னாலேயே ஓடினேன்.

"பூச்சிக்காக யாராவது வேலைய விடுவாங்களாண்ணே?"

"என்னால முடியாதுப்பா." பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வாசலில் மறித்தது யார் என்கிறீர்கள்? அதே பாய்!

"எங்க போறீங்க? பொட்டிய என் கடையில வைங்க. வண்டு நீங்க சொன்னாத்தான் கேக்குது."

முதலாளி செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் எங்க ஆளு லா! விடுங்க பாய்!" ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் இரண்டு கடைக்கும் அண்ணனே தைலம் வைப்பது என்று முடிவானது.

"அப்போ வண்டெல்லாம் எங்கண்ணே போகும்?" என்று கேட்டேன். பின்சந்துக்குக் கூட்டிப்போனார். தகரக் கூரைக்குக் கீழே ஒரு சின்னச் சாக்கு நிறைய மொச்சை. தைலம் படாதது.

"அதுங்களும் நம்மள மாதிரி கப்பலேறி வந்ததுங்கதானே, பொழைச்சுட்டுப் போகட்டும்."

இன்றைக்கும் பயறு டப்பாவில் வண்டு தெரிந்தால் என் மனைவி வெயிலில் கொட்டச் சொல்வாள். நான் ஒன்றைக் கையில் எடுத்து மோந்து பார்ப்பேன். கிராம்பு வாசம் அடிக்காதா என்று ஓர் ஆசைதான்.