வெள்ளிக்கிழமையே எழுதிவிட்ட தீர்ப்பு

ரெக்ஸ்டேல், டொராண்டோ
16-3-1975, ஞாயிற்றுக்கிழமை

ஸ்ரீரங்கம் மாமா அவர்களுக்கு மாப்பிள்ளை சாரங்கபாணி தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் குமாரத்தி வைதேகியும் க்ஷேமம் என்று எழுதுவது மரபு. எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

தங்கள் நாலாம் தேதிக் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. எங்கள் வீட்டில் காபிப்பொடி தீர்ந்துவிட்டது என்பதும், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்பதும், வைதேகிக்கு ஒரு வாரமாக ஜலதோஷம் என்பதும் அதைப் படித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. பிப்ரவரி எட்டாம் தேதியிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அவள் தங்களுக்கு எழுதுகிறாள், தாங்கள் எனக்கு எழுதுகிறீர்கள், நான் தங்களுக்கு எழுதுகிறேன், தாங்கள் அவளுக்கு எழுதுகிறீர்கள். எங்கள் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு செய்தி அந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்க ஸ்ரீரங்கம் போய்த் திரும்பி இருபது நாள் ஆகிறது. கடிதம் கண்டதும் கடைக்கு ஓடிக் காபிப்பொடி வாங்கி வந்தேன். அலமாரியைத் திறந்தால் அவள் வாங்கிய டப்பாவே பாதி காலியாகி இருந்தது.

நடந்தது என்ன என்று வைதேகி எழுதியிருப்பாள். நான் எழுதுவது என் தரப்பு. எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மாதா கோவிலின் அடித்தளக் கூடத்தை வாடகைக்குக் கொடுப்பார்கள். தை மாதம் முழுக்க அங்கே யார் யாருக்கோ கல்யாணம், ஆகையால் எங்களுக்குத் தை இருபத்தாறாம் நாள்தான் பொங்கல் பிறந்தது. சர்க்கரைப் பொங்கலுக்குப் பிறகு பட்டிமன்றம் என்று காரியதரிசி அறிவித்துவிட்டார். கற்பில் சிறந்தவள் யார் என்பதையெல்லாம் மூன்று வருஷமாகத் தீர்த்து வைத்தாகிவிட்டது, இந்த வருஷம் உலக விஷயமாக ஏதாவது வைப்போம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அமெரிக்கப் பார்லிமென்டில் தென் வியட்நாமுக்கு இன்னும் முப்பது கோடி டாலர் ஆயுதம் கொடுப்பதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களே, அதையே எடுத்துக்கொண்டார்கள். ‘அந்நிய ஆயுத உதவி போரை முடிக்குமா, நீட்டிக்குமா?’ முடிக்கும் என்று பேச இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி நரசிம்மன். நீட்டிக்கும் என்று பேச வைதேகி. நடுவர், கூச்சத்தோடு சொல்லிக்கொள்கிறேன், அடியேன். ஹைவே இலாகாவில் பாலம் வரைகிறவனுக்கு வியட்நாமைப் பற்றி என்ன தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். காரியதரிசியையும் அதையேதான் கேட்டேன். எந்தப் பக்கமும் சாராதவர் வேண்டும், ஒன்றும் தெரியாதவர் என்றால் ரொம்ப உத்தமம் என்றார்.

இங்கேதான் மாமா, எனக்குச் சனி பிடித்தது. பெண்டாட்டி பேசுகிற பட்டிமன்றத்துக்குப் புருஷன் நடுவர். அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னால் ஊர் என்ன சொல்லும்? இந்த ஊரில் நம் ஜனம் நாற்பது குடும்பம். நாற்பதுக்கும் என் முதுகுக்குப் பின்னால் பேச வேறு விஷயம் கிடையாது. ஆகவே நடுநிலைமையைக் காப்பாற்ற வேண்டும் என்கிற ஒரே நல்லெண்ணத்தில், வைதேகி தோற்றாள் என்று வெள்ளிக்கிழமையே தீர்ப்பை எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். யாரும் பேசுவதற்கு முன்பே எழுதிய தீர்ப்பில் பாரபட்சம் எப்படி இருக்கும், தாங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமை நரசிம்மன் பேசினார். எதிரிக்கு ரஷ்யாவும் சீனாவும் கொடுக்கும்போது இவர்களுக்கு மட்டும் கையை விரித்தால் அது நியாயமா, பாதி மருந்தோடு வைத்தியத்தை நிறுத்தினால் நோயாளி என்ன ஆவான் என்று மேஜையைத் தட்டினார், நல்ல கைதட்டல். வைதேகி எழுந்து, ஒருத்தனுக்கு ஒருத்தர் தடி கொடுத்தால் இன்னொருத்தனுக்கு இன்னொருத்தர் கத்தி கொடுப்பார், கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் வீட்டுக் கூரையும் பத்திரமாக இருக்கும், ஆகையால் நிறுத்த அவர்களுக்கு அவசரமே இராது என்றாள். நம் கனடாக்காரர்களும் நடுவில் நின்று சமாதானம் பார்க்கப் போய், பார்க்க அங்கே சமாதானமே இல்லை என்று எழுபத்து மூன்றிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றாள். உள்ளபடி சொல்வதானால் அவள்தான் நன்றாகப் பேசினாள். எனக்கே கோட்டுப்பைத் தீர்ப்பு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் எழுதியது எழுதியதுதானே, அடித்துத் திருத்த நேரமும் இல்லை, பேனாவும் இல்லை.

வாசித்தேன். இரு தரப்பும் தேனாகப் பேசினார்கள் என்று ஆரம்பித்து, உதவி தொடர்ந்தால் போர் நிச்சயம் முடியும், ஆனால் இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று தீர்ப்பளித்தேன். முடியும் என்றதில் நரசிம்மனுக்குத் திருப்தி, பத்து வருஷம் என்றதில் வைதேகிக்கும் ஏதோ ஆறுதல் என்று என் கணக்கு. அதோடு விட்டிருக்கலாம். பட்டிமன்ற நடுவர் என்றால் கடைசியில் ஒரு ஹாஸ்யம் சொல்ல வேண்டும் அல்லவா? ‘நீண்ட போரினால் எல்லாருக்கும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள், நமக்கு லாபம் உண்டு, வருஷா வருஷம் தலைப்புத் தேட வேண்டாம்’ என்றேன். கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினரும் சிரித்தார்.

அந்தச் சிறப்பு விருந்தினரைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். துவான் என்று பெயர், வியட்நாம்காரர், முப்பது வயது இருக்கும், இங்கே யூனிவர்சிட்டியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். வைதேகி வேலை பார்க்கும் லைப்ரரிக்குத் தினம் வருகிறவர். வியட்நாமைப் பற்றிப் பேசும்போது ஒரு வியட்நாம்காரர் உட்கார்ந்திருந்தால் சபைக்கு எடுப்பாக இருக்கும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டதன் பேரில் அவள்தான் அழைத்து வந்தாள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம், முன்வரிசையில் உட்கார வைத்தோம், பொங்கல் கொடுத்தோம். மைக்கைக் கொடுக்கவில்லை என்பது வாஸ்தவம். நேரம் இல்லை, தவிர அவர் பேசினால் இங்கிலீஷில்தான் பேசுவார், தமிழ்ச் சங்க விதிப்படி மேடையில் இங்கிலீஷ் கூடாது. மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை புரியாமல், மற்றவர்கள் கைதட்டும்போது தட்டி, சிரிக்கும்போது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கமான மனுஷர்.

கூட்டம் கலைந்ததும் எல்லாரும் எதற்கு அப்படிச் சிரித்தார்கள் என்று அவர் வைதேகியிடம் கேட்டிருக்கிறார். அவளும் சொல்லித் தொலைத்திருக்கிறாள். நான் காரைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது அவர் பொன்னாடையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு பனியில் நின்றுகொண்டிருந்தார். அவர் அறையில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டதற்கு, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், ரொம்ப நன்றி என்றார். காரில் ஏறிய வைதேகி அன்று என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான்:

“அவரோட அம்மா பான் மே துவாட்னு ஒரு மலை ஊர்ல இருக்கா. ஜனவரியிலேர்ந்து லெட்டர் இல்லையாம். உங்க ஜோக்கை ஒரே ஒரு தடவை இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்கோ.”

இங்கிலீஷில் சொன்னால் எடுபடாது, அதன் ருசி தமிழில்தான் இருக்கிறது என்றேன். தப்பான பதில் என்று இப்போது தெரிகிறது. அன்றிலிருந்து யுத்தம்.

அவள் தோற்றுப்போன கோபத்தில் இருக்கிறாள் என்றே ஒரு மாதம் எண்ணியிருந்தேன். தங்கள் கடிதம் வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட்டுக்கு இஸ்திரி போடும்போதே தீர்ப்பை எடுத்துப் படித்துவிட்டாளாம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தேதான் மேடை ஏறினாளாம். படித்த காகிதத்தில் ஹாஸ்யம் இல்லை, அது மேடையில் எனக்குத் தானாக வந்தது என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லையாம். அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது மாமா. மறைக்க மாட்டேன்.

இப்போது வீட்டு நிலவரம். ஃபிரிட்ஜில் மேல்தட்டு அவளுடையது, கீழ்த்தட்டு என்னுடையது, நடுத்தட்டு தயிர் இரு தரப்புக்கும் பொது. டி.வி. செய்தியை அவள் நின்றுகொண்டு பார்க்கிறாள், நான் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறேன். சமாதானம் பேச நரசிம்மன் ஒரு நாள் வந்தார். அவள் வார்த்த தோசை மூன்றைச் சாப்பிட்டார், என் பக்கமும் தப்பு இருக்கிறது, அவள் பக்கமும் தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார், நிலைமை கவலைக்கிடம் என்று சொல்லிவிட்டு ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

இவ்வளவும் தானாகவே அடங்கியிருக்கும், வெளியிலிருந்து சரக்கு வராமல் இருந்தால். கோபித்துக்கொள்ளக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் ராணுவத் தளவாடக் கிடங்கில் ஹெட் கிளார்க்காக இருந்தவர் தாங்கள். யாருக்கு எதை எப்போது அனுப்பினால் எது வெடிக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததா? தங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் வியட்நாம் பற்றிப் பத்திரிகையில் வந்ததைக் கத்தரித்து, அவளுக்குச் சாதகமான வரிகளின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டு அனுப்புகிறீர்கள். அவள் அதைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறாள். நான் தினம் க்ஷவரம் செய்துகொள்வது அமெரிக்க வெளிநாட்டுக் கொள்கையின் தோல்வியைப் பார்த்துக்கொண்டுதான். இதைக் கேள்விப்பட்ட என் தாயார் சும்மா இருப்பாளா? ஆண்பிள்ளை இறங்கிவரக் கூடாது என்று எனக்கு வாரம் ஒரு ஏர்மெயில், அது போதாதென்று ஊறுகாய் பார்சல் வேறு. அவளுக்கு எழுதிய போன கடிதத்தில் தாங்கள் அணுகுண்டையே எடுத்துவிட்டீர்கள். ‘விட்டுக்கொடுக்காதே குழந்தே, டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன், சித்திரைக்குப் புறப்பட்டு வந்துவிடு’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள். சித்திரை பிறக்க இன்னும் நாலே வாரம்தான். அவள் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள்.

மாமா, இந்தப் பனிக் காட்டில் பதினொன்றாவது மாடியில் அவள் இல்லாமல் நான் என்ன செய்வேன்? பேசாமல் இருந்தாலும் பக்கத்து அறையில் பாத்திரச் சத்தம் கேட்கிறது, அது போதும் என்று இருக்கிறேன். அதுவும் இல்லாமல் போனால் என் கதி என்ன என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே தங்கள் பாதங்களில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட் அனுப்ப வேண்டாம், பத்திரிகை நறுக்குகள் வேண்டாம், சிவப்பு மை வேண்டவே வேண்டாம். என் தாயாருக்கும் ஊறுகாயை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டேன். கொடுக்கிறவர்கள் கையைக் கட்டினால்தான் சண்டை ஓயும் என்று வைதேகி மேடையில் சொன்னதுதான் சரி, என் தீர்ப்பு தப்பு. முழு மனதோடு எழுதுகிறேன், இதை அவளுக்குத் தாங்கள் தெரிவிக்கலாம். அவள் தங்கள் மூலம் வைத்த நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டேன். வருகிற ஞாயிறு இருபத்து மூன்றாம் தேதி துவான் அவர்கள் அறைக்குப் போய், நான் சொன்னதை இங்கிலீஷில் ஒரு வரி விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். சத்தியம்.

மாமிக்கு என் நமஸ்காரங்கள். ஸ்ரீரங்கநாதர் அருளால் தங்கள் மூட்டுவலியும் எங்கள் யுத்தமும் ஒருங்கே குணமாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
சாரங்கபாணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் சமயம் மான்ட்ரியல் தமிழ்ச் சங்கத்திலிருந்து டெலிபோன் வந்தது. நம் பட்டிமன்றத்தின் கீர்த்தி அங்கே வரைக்கும் பரவியிருக்கிறதாம். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி அங்கேயும் அதே தலைப்பு, அடியேன்தான் நடுவர், போக வர ரயில் சார்ஜு அவர்களுடையது. பெரியவர்கள் கூப்பிடும்போது மறுப்பது மரியாதை அல்ல என்று ஒப்புக்கொண்டேன். இது விஷயமாகப் பேச அவர்கள் ஆள் வருகிற ஞாயிறு இங்கே வருகிறாராம், ஆகையால் துவான் வீட்டுக்குப் போவதை மான்ட்ரியல் முடிந்து மே முதல் வாரத்தில் சாவகாசமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். பத்திரிகை நறுக்குகளை நிறுத்த வேண்டாம். இனிமேல் என் பெயருக்கு, ஆபீஸ் விலாசத்துக்கு, கூடிய சீக்கிரம் அனுப்பவும். உதவி போரை முடிக்கும் என்கிற கட்சிக்குச் சாதகமானவை கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைக்கச் சௌகரியம். வாரக் கடைசியில் வந்த பேப்பரில் பான் மே துவாட் விழுந்துவிட்டது என்று போட்டிருக்கிறார்கள். யுத்த தந்திரத்தில் இதெல்லாம் தற்காலிகப் பின்வாங்கல்தான், இதற்கெல்லாம் தலைப்பை மாற்ற வேண்டாம் என்று டெலிபோனிலேயே சொல்லிவிட்டேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போது வைதேகி அந்தப் பேப்பரை எடுத்துப் படித்தாள், கோட்டு மாட்டிக்கொண்டாள், பெட்டியோடு புறப்பட்டுப் போயிருக்கிறாள். சின்னப் பெட்டியா பெரிய பெட்டியா என்று நான் கவனிக்கவில்லை. எங்கே போகிறாள் என்று தங்களுக்கு எழுதினாளானால் எனக்கும் ஒரு வரி தெரியப்படுத்தவும்.