சுல்மாவுக்கு ஏற்ற திரை

"சுல்மா மேடம் வந்தாச்சா?" என்று பின்னறையிலிருந்து நான்காவது முறையாகக் கேட்டான் எடிசன்.

"இப்பதான் மாத்தே டீ குடிக்க வெந்நீர் பிடிக்கப் போனாங்க," என்றாள் கவுண்டரில் இருந்த மாபெல். அந்த நெல் விவசாயிகள் சங்கத்தில் வெந்நீர் பிடிக்க அரை நாள் ஆகும் போலிருந்தது.

எடிசன் செய்து கொடுத்தது, ஆளைத் தெரிந்துகொண்டு தன்னை மாற்றிக்கொள்ளும் கணினித் திரை. இவருக்கு என்ன தெரியும், எது கஷ்டம், எந்தக் கைப் பழக்கம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து, அதற்கேற்ப எழுத்தையும் பொத்தானையும் அமைக்கும். நாள் முழுக்க அதில் வேலை பார்ப்பவர் சுல்மா தேச்சேரா என்று கணினி சொன்னது. அவர் திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். இன்று மாலைக்குள் அது கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் போச்சு. அக்காவை ஆசிரியர் வேலையிலிருந்து இழுத்துவந்து ஆரம்பித்த நிறுவனமும் அதோடு சரி.

விடிந்ததும் சுல்மா தடவித் தடவித் தட்டியிருந்தார். திரை இரக்கப்பட்டு எழுத்தைப் பெரிதாக்கியது. பத்து மணிக்கு இன்னொரு குமாஸ்தா வில்மார் எட்டிப் பார்த்தான்.

"சுல்மா சொல்லச் சொன்னாங்க. ஒரு பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கழுத்து சுளுக்கிக்குதாம்."

"அவங்களுக்குக் கண்ணு சரியில்லையே?"

"அது... பத்து மணிக்கு மேல சரியாயிடும்."

எடிசன் அதையும் எழுதிச் சேர்த்தான். பதினொன்றுக்குப் பொத்தான்கள் எல்லாம் இடப்பக்கம் போய்விட்டன.

"சுல்மாவுக்கு வலது கைப் பழக்கம்," என்றான் வில்மார்.

"இடது கைன்னு இப்பதான் மாபெல் சொன்னாங்க."

"ரெண்டும் வரும்னு போட்டுக்கோயேன்."

போட்டான். பொத்தான்கள் இரண்டு பக்கமும் நிறைந்து, நடுவில் விவசாயியின் பெயருக்கே இடமில்லாமல் போனது. ஆளின் நிலையை முதலில் கேட்டுக்கொள் என்று புது விதி எழுதினான். அதிலிருந்து ஒவ்வொரு தட்டலுக்கும், "சுல்மா, இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று திரை விசாரிக்கத் தொடங்கியது. வரிசை வாசல்வரை நீண்டது.

"அந்தம்மாவை நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்கப்பா," என்றார் ஒரு விவசாயி. "நான் போய் வயலுக்குத் தண்ணி விடணும்."

பார்க்காமலே சுல்மாவின் மேல் எடிசனுக்குப் பாசம் வந்துவிட்டது. காலையில் கண் தெரியாது, கணினிக் கணக்குப்படி சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை, இரண்டு கையாலும் உழைக்கிறார். பாவம், அவருக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு திரை செய்து தர முடியவில்லையே என்று அவனுக்கு அழுகை வந்தது.

மாலை எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். தினமும் கதவைத் திறந்து பூட்டும் காவலாளி ஓல்மெடோவிடம் காகிதத்தோடு போய் நின்றான்.

"சுல்மா மேடம் வீடு எங்க ஐயா? ஒரே ஒரு கையெழுத்து. இல்லேன்னா அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஓல்மெடோ அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

"அவங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு தம்பி, புதுப் பாஸ்வேர்டு கேட்டு மான்டிவிடியோ தலைமை ஆபீசுக்கு எழுதி எழுதி அலுத்துப்போய் நாங்க எல்லாருமே அவங்க பேர்லதான் கம்ப்யூட்டருக்குள்ள போறோம், பேனாவைக் குடு, காலையில கண்ணு தெரியாத சுல்மா நான்தான்."